ட்ரம் சுத்துதா, சுத்தேல்லையா? முதல்ல அதைப் பாருங்கோ

பழைய வாகனம் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (உப்புவெளி வாசகர் ஒருவர்): அப்பாட மொறிஸ் மைனர், ஸ்ரீ நம்பர் கார், அவர் மோசம் போனதுக்குப் பிறகு ஆறு வருசமா பின்வளவுக் கொட்டிலுக்குள்ளை நிண்டது. இப்ப வெளியிலை எடுத்துத் திருத்தி ஓடுவம் எண்டு நாலு வீலையும் கழட்டினன். முன் ரெண்டு பிறேக் ட்ரம்மும் கொஞ்சம் தட்ட வந்திட்டுது, பின் இடப்பக்கமும் வந்திட்டுது, வலப்பக்கம் மட்டும் வரமாட்டன் எண்டு நிக்குது. மூண்டு நாளா ஒயில் விட்டு விட்டு சுத்தியலாலை அடிக்கிறன். பக்கத்து வீட்டு அண்ணை காஸ் பிடிச்சுச் சூடாக்கச் சொல்லுறார், மச்சான் புல்லர் போட்டு இழுக்கச் சொல்லுறான். எதைச் செய்ய?

பதில்: தம்பி, முதல்ல சுத்தியலைக் கீழை வையுங்கோ. நாலு வீலையும் கழட்டினன் எண்டுறீங்கள், அப்ப கார் இப்ப எதுக்கு மேலை நிக்குது? அதை எழுதேல்லை நீங்கள். சீமெந்துக் கல்லுக்கு மேலை எண்டால் இண்டைக்கே இறக்கிப்போட்டு அக்சில் ஸ்டாண்ட் ரெண்டு சோடி இரவல் வாங்கி வையுங்கோ, ஏனெண்டால் சீமெந்துக் கல்லு மரக்குத்தி மாதிரி நசிஞ்சு காட்டித் தராது, சொல்லாமல் கொள்ளாமல் ஒரேயடியா நொருங்கும், நீங்களோ பக்கத்திலை குந்தியிருந்து ஓங்கி ஓங்கி அடிக்கிறீங்கள். ஜாக்கை மட்டும் நம்பியும் வேலை செய்யக் கூடாது.

இனி விசயத்துக்கு வாறன். ட்ரம் வரேல்லை எண்டு வாற கடிதம் எல்லாத்திலையும் எத்தினை தரம் அடிச்சது, என்ன ஒயில் விட்டது எல்லாம் இருக்கும், ஒண்டு மட்டும் இருக்காது: அந்த ட்ரம் கையாலை பிடிச்சுச் சுத்தினால் சுத்துதா இல்லையா? உங்கட கடிதத்திலையும் இல்லை. எனக்கு அதுதான் முதல்ல வேணும். ட்ரம்மைப் பிடிச்சு வைச்சிருக்கிற சாமான் ஒண்டு இல்லை, மூண்டு நாலு இருக்கு, ஒவ்வொண்டுக்கும் வைத்தியம் வேற. உள்ளை ஷூ (பிறேக் அடிக்கேக்கை ட்ரம்மை உள்ளையிருந்து அமத்திற வளைஞ்ச துண்டு) பிடிச்சுக்கொண்டு நிக்கேக்கை வெளியிலை ஹப்புக்கு (ட்ரம் ஏறி நிக்கிற நடுக்குத்தி) மூண்டு நாள் ஒயில் விட்டு என்ன பிரயோசனம், தலையிடிக்குக் காலிலை எண்ணெய் பூசின மாதிரித்தான்.

கியரை நியூட்ரலிலை போடுங்கோ. இதை மறந்திட்டு எத்தினை பேர் பிறேக் இறுகிப்போச்சு எண்டு முடிவு கட்டினவை எண்டு எனக்குத் தெரியும். ஹேண்ட் பிறேக்கை முழுக்க இறக்கிவிடுங்கோ. இப்ப வீல் நட்டுப் பூட்டிற ஸ்டட்டிலை ஒரு கம்பியைக் கொடுத்துச் சுத்திப் பாருங்கோ.

சுத்தேல்லை எண்டால் ஷூதான் பிடிச்சிருக்கு. பின் ட்ரம், அதிலையும் ஒரு பக்கம் மட்டும் எண்டபடியால் எனக்கு உங்கட விசயத்திலை இதிலைதான் சந்தேகம். அப்பா கடைசியா காரை விட்டேக்கை ஹேண்ட் பிறேக்கை இழுத்து வைச்சிருப்பார், நல்ல மனுசன் எல்லாரும் அப்பிடித்தான் செய்வினம், ஆனா உப்புவெளி மாதிரிக் கடற்கரை ஊரிலை ஆறு மாரி, ஆறு வாடைக்காத்து, அந்த உப்புக்காத்திலை ட்ரம்மின்ர இரும்பு கறள் பிடிச்சு, ஷூவுக்கு மேலை ஒட்டியிருக்கிற லைனிங்கோட ஒட்டிப்போகும். லீவரை இறக்கினாலும் கேபிள் அதின்ர குழாய்க்குள்ளை கறள் பிடிச்சு நிண்டால் பின்னாலை ஒண்டும் விடுபடாது. மைனரிலை பின் வீலுக்கு ஒவ்வொரு கேபிள் தனியா வருது, ரெண்டையும் ஹேண்ட் பிறேக் லீவரின்ர அடியிலை நட்டுப் போட்டு இறுக்கியிருக்கும். வலப்பக்க நட்டைத் தளத்துங்கோ. பேந்து காருக்குக் கீழை போய், பின் தட்டிலை (ட்ரம்முக்குப் பின்னாலை இருக்கிற தகடு), ஷூவைத் தள்ளுற வீல் சிலிண்டர் பக்கத்திலை வெளியிலை நீட்டிக்கொண்டு நிக்கிற சின்ன லீவரைப் பாருங்கோ, கேபிள் வந்து கொழுவிற இடம். அது திரும்பி வராமல் நிண்டால் கேபிளின்ர பின்னைக் கழட்டிப்போட்டு அந்த லீவரைப் பழைய இடத்துக்கு மெல்லமாத் தள்ளிவிடுங்கோ. பாதிப்பேருக்கு இதோட ட்ரம் சுத்தும்.

அடுத்தது அட்ஜஸ்டர், ஷூவை ட்ரம்முக்குக் கிட்டவும் தூரவும் எடுக்கிற திருகு. மைனரின்ர ட்ரம் முகத்திலை ஒரு ஓட்டை இருக்கு, வீல் கழட்டின உடனை தெரியும். ட்ரம் சுத்தினால் அந்த ஓட்டையை அட்ஜஸ்டருக்கு நேரை கொண்டுவந்து, நீட்டு ஸ்குறூ ட்ரைவரை விட்டு இடப்பக்கமாத் திருப்பினால் ஷூ உள்ளுக்கு வரும். வலப்பக்கம் திருப்பினால் இறுகும், மாறித் திருப்பிப்போட்டு என்னை ஏசக் கூடாது. பின்னுக்கு ஒரு அட்ஜஸ்டர், முன்னுக்கு ஒரு வீலுக்கு ரெண்டு. ட்ரம் சுத்தாமல் ஓட்டை வேற இடத்திலை நிண்டால் இந்த வழி இல்லை, அப்ப பிறகு சொல்லுறதைச் செய்யுங்கோ.

வீலைத் திரும்பவும் மாட்டி நாலு நட்டையும் பூட்டுங்கோ. டயரை ரெண்டு கையாலையும் பிடிச்சு முன்னுக்கும் பின்னுக்கும் வெட்டி வெட்டிச் சுத்துங்கோ. வெறும் ட்ரம்மைப் பிடிக்கிறதை விட டயரிலை பிடிச்சால் நெம்பு நீளம், பலம் ரெண்டு மூண்டு மடங்கு வரும். லைனிங் ட்ரம்மை விட்டு விடேக்கை ‘டொக்’ எண்டு ஒரு சத்தம் கேக்கும், அந்தச் சத்தம் கேட்டால் வேலை முக்காவாசி முடிஞ்சுது. கார் ஸ்டாண்டிலை நிக்குது எண்ட நினைப்போட வெட்டுங்கோ, பெடியள் நாலு பேர் சேந்து இழுத்துக் காரை விழுத்திறேல்லை.

சரி, ட்ரம் சுத்துது, ஆனா வெளியிலை வரேல்லை எண்டால்? அப்ப அங்கை ரெண்டு விசயம். அதுக்கு முதல் ஒண்டு கேக்கிறன், சிரிக்காதேங்கோ: ஸ்குறூ ரெண்டையும் கழட்டினீங்களா? மைனரின்ர ட்ரம்மை ஹப்போட பிடிக்கிறது முகத்துக்குள்ளை அமிழ்ந்து நிக்கிற ரெண்டு ஸ்குறூ. நான் பெடியனா வேலை பழகேக்கை மூண்டாம் கட்டைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய் இப்பிடி ஒரு மைனரோட அரைநாள் மல்லுக்கட்டினன். தேத்தண்ணி ரெண்டு தரம் வந்திட்டுது, ட்ரம் வரேல்லை. வீட்டு ஐயா வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிஞ்சு பாத்திட்டு, ‘தம்பி, உதென்ன இன்னொரு ஸ்குறூவோ’ எண்டு கேட்டார். மூண்டு கோட் பெயின்ற்றுக்குக் கீழை ஒளிஞ்சு கிடந்தது. அண்டைக்கு எனக்குக் கூலி வாங்கவே வெக்கமாப் போச்சு. இடப்பக்க ட்ரம் கையிலை இருக்குத்தானே, அதை வைச்சுப் பாத்து இந்தப் பக்கம் ரெண்டு இடத்தையும் கம்பிப் பிறஷ்ஷாலை சுரண்டிப் பாருங்கோ.

ஸ்குறூ இறுகி நிண்டால் கையாலை திருப்பித் தலையை அழிக்காதேங்கோ. சுத்தியலாலை அடிக்க அடிக்கத் திரும்பிற இம்பாக்ட் ட்ரைவர் எண்டு ஒண்டு இருக்கு, பெரிய விலை இல்லை, பழைய கார் வைச்சிருக்கிற ஆளுக்கு அது அரிவாள்மனை மாதிரி, வீட்டிலை கிடக்க வேணும். தலை ஏற்கெனவே அழிஞ்சு போச்செண்டால் தலையை மட்டும் ட்ரில் பண்ணி எடுங்கோ, ட்ரம் வந்தாப் பிறகு மிஞ்சின தண்டை வைஸ் கிறிப்பாலை பிடிச்சுத் திருப்பிக் கழட்டலாம்.

ஸ்குறூவும் இல்லை, ட்ரம்மும் சுத்துது, ஆனா இழுக்கேக்கை கொஞ்சம் வெளியிலை வந்து ஏதோ ஒண்டிலை தடக்கி நிக்குது எண்டால் அது விளிம்பு. வருசக்கணக்கா ஷூ உரசி உரசி ட்ரம்முக்குள்ளை பள்ளம் விழுந்திருக்கும், ஷூ படாத ஓரத்திலை மட்டும் பழைய அளவு மேடா நிக்கும், ஷூ அந்தப் பள்ளத்துக்குள்ளை இருக்கிறதாலை மேட்டைத் தாண்டி வராது. இதுக்கு அடி இல்லை மருந்து, மேலை சொன்ன அட்ஜஸ்டரை இடப்பக்கம் முழுக்கத் திருப்பி ஷூவை உள்ளுக்கு எடுக்கிறதுதான். அடிச்சு இழுத்தால் ஷூவின்ர ஸ்பிறிங், சில நேரம் லைனிங், எல்லாம் சேத்துக் கழண்டு வரும்.

இழுக்க ஒரு மயிரிழையும் அசையேல்லை, ஆனா சுத்துது எண்டால் நடு ஓட்டை ஹப்பிலை கறள் பிடிச்சிருக்கு. அதுக்குத்தான் ஒயில். ட்ரம் முகத்திலை சும்மா பூசிறேல்லை. ஹப்பும் ட்ரம்மும் சேர்ற வட்டத்தைப் பழைய ஹாக்சோ பிளேட்டாலை சுரண்டிக் கறள் தூளைக் கிளறி எடுத்துப்போட்டு, அந்த வெடிப்புக்குள்ளையும் நாலு ஸ்டட்டைச் சுத்தியும் டபிள்யூ.டி. 40 ஆவது வேற ஊடுருவிற ஒயில் ஆவது துளித்துளியா விட்டு இரவு முழுக்க விடுங்கோ. டீசலையும் மண்ணெண்ணெயையும் அள்ளி ஊத்தாதேங்கோ, உள்ளை ஒழுகி வீல் சிலிண்டர் ரப்பரிலை பட்டால் ரப்பர் ஊதிப்போகும், லைனிங்கிலை பட்டால் லைனிங் குப்பைக்கு. விடியத் தட்டுங்கோ, ‘தட்டுங்கோ’ எண்டுதான் சொல்லுறன். ட்ரம் வார்ப்பிரும்பு, பானை மாதிரி, வளையாது, உடையும். முகத்திலை ஸ்டட்டுக்கு ஸ்டட்டுக்கு இடையிலை மரக்கட்டையை வைச்சு, ஒரு இடத்திலை ஒரு அடி, ட்ரம்மைக் கால்வாசி சுத்தி அடுத்த அடி, இப்பிடியே சுத்திச் சுத்தி. ஒரு பெரிய அடியை விட நூறு சின்ன அடி கறளைக் கலைக்கும். பின்பக்கத்தாலை ஓரத்திலை இரும்புச் சுத்தியலாலை மட்டும் அடிக்காதேங்கோ, ஓரம் சில்லாப் பறக்கும், நான் ஒரு ட்ரம்மை அப்பிடித்தான் நாசமாக்கினனான்.

காஸ் பிடிக்கிற விசயத்திலை பக்கத்து வீட்டு அண்ணையோட எனக்கு ஒத்துவராது. இரும்பு சூடேறினால் விரியும், அது உண்மைதான், ஆனா உள்ளை வீல் சிலிண்டர் ரப்பர், ஹப்பின்ர ஒயில் சீல், கிறீஸ், பத்தக்கூடிய பிறேக் ஒயில், மூண்டு நாளா நீங்கள் விட்ட ஒயில் எல்லாம் இருக்கு. ட்ரம் ஒரு பக்கம் மட்டும் சிவக்கச் சூடேறினால் கோணிப்போகும், பிறகு பிறேக் அடிக்கேக்கை பெடல் துடிக்கும். சூடு வேணுமெண்டால் ஒரு கேத்தில் கொதிதண்ணியை ட்ரம் முகத்திலை நடுவைச் சுத்தி ஊத்திப்போட்டு உடனை தட்டிப் பாருங்கோ, அந்தளவு காணும். (கன்னியா வெந்நீர்க் கிணத்திலை அள்ளிக்கொண்டு வந்தால் காணாது, அது குளிக்கிற சூடு.)

புல்லர் கடைசி வழி. ட்ரம்மின்ர மெல்லிய ஓரத்திலை கொழுவி முறுக்கினால் ஓரம் உடையும். மச்சான் கட்டாயம் போடத்தான் வேணும் எண்டால், கொஞ்சம் இழுவை குடுத்து நிப்பாட்டி, முகத்திலை தட்டி, இன்னும் கொஞ்சம் இழுவை குடுத்து, வராட்டில் அந்த இழுவையிலையே இரவு விட்டிட்டுப் போய்ப் படுங்கோ. நடுச்சாமத்திலை தன்ர பாட்டிலை ‘டங்’ எண்டு கழண்ட ட்ரம் நான் கண்டிருக்கிறன்.

ட்ரம் வந்த சந்தோசத்திலை உடனை வாயாலை ஊதிறது, கொம்பிறெசர் பிடிக்கிறது எல்லாம் வேண்டாம். பழைய லைனிங்கிலை அஸ்பெஸ்டஸ் இருக்கும். அந்தத் தூள் நெஞ்சுக்குள்ளை போனால் வருத்தம் இருபது முப்பது வருசம் கழிச்சுத்தான் வெளியிலை வரும், அப்ப எந்த ட்ரம்மாலை வந்தது எண்டு ஆருக்குத் தெரியும். சவர்க்காரத் தண்ணியை ஸ்பிறே பண்ணி நனைச்சு, ஈரத் துணியாலை துடைச்சு, துணியை ஷொப்பிங் பையிலை கட்டி எறியுங்கோ. முகத்துக்கு மெல்லிய தூளைத் தடுக்கிற FFP3 அல்லது P100 மாஸ்க் போடுங்கோ, கொரோனாக் காலத்துத் துணி மாஸ்க்கோ சேர்ஜிக்கல் மாஸ்க்கோ இதுக்குக் காணாது. பிள்ளையள் பக்கத்திலை நிக்கக் கூடாது.

ட்ரம் கழண்டு கிடக்கேக்கை ஆரும் காருக்குள்ளை ஏறிப் பெடலை மிதிக்காமல் பாத்துக்கொள்ளுங்கோ, வீல் சிலிண்டர் பிஸ்டன் வெளியிலை பாய்ஞ்சிடும். உள்ளை நனைஞ்சிருந்தால் விரலாலை தொட்டு மணந்து பாருங்கோ: கியர் ஒயில் மாதிரி தடிப்பா மணந்தால் ஹப் சீல் போயிட்டுது, தண்ணிமாதிரி இருந்தால் வீல் சிலிண்டர் ஒழுக்கு. ரெண்டிலை எது எண்டாலும் நனைஞ்ச லைனிங்கைக் கழுவிப் போடலாம் எண்டு பாக்க வேண்டாம், ரெண்டு பக்கத்தையும் சேத்து மாத்துங்கோ. ஆறு வருசம் நிண்ட காருக்கு நான் எண்டால் நாலு வீலின்ர ரப்பரையும் மாத்தி, பிறேக் ஒயிலையும் முழுக்க மாத்துவன். மைனரிலை பிறேக் ஒயில் ஊத்திற இடம் பொனற்றுக்குள்ளை இல்லை, ட்ரைவர் பக்கம் கால்மிதிக்குக் கீழை, தரைத் தகட்டிலை இருக்கிற மூடியைத் திறந்து பாருங்கோ. நாலு வீலுக்கும் சேத்து ஒரே ஒரு லைன் எண்டதையும் நினைவிலை வைச்சிருங்கோ, ஒரு இடம் ஒழுகினால் நாலுமே இல்லை.

சாமான் வாங்கக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பிறதெண்டால் பழைய ஷூவைக் கையிலை குடுத்து விடுங்கோ. மைனரிலை பின் ட்ரம் 7 அங்குலம், முன்னுக்கும் முதல் 7 தான், 1962 இலை 1098 சீசீ எஞ்சின் வந்தோட முன்னுக்கு 8 அங்குலமாக்கினவை. எஞ்சின் மாத்தின கார் எங்கட நாட்டிலை எத்தினையோ, அதாலை வருசத்தைச் சொல்லிக் கேக்க வேண்டாம், அளந்து கேளுங்கோ.

திரும்பப் பூட்டேக்கை ட்ரம்முக்குள்ளை இருக்கிற விளிம்பு மேட்டை லேத்திலை குடுத்து எடுங்கோ, ஹப்பிலை ட்ரம் இருக்கிற வட்டத்தைக் கம்பிப் பிறஷ்ஷாலை மினுக்கி, செப்புக் கிறீஸ் ஒரு மெல்லிய பூச்சுப் பூசுங்கோ. மெல்லிசு எண்டால் பாணுக்கு மாஜரின் பூசிற அளவும் இல்லை, அதிலை கால்வாசி.

கேள்வி (கிண்ணியா வாசகர்): என்ட டி.எக்ஸ் வேகன் பின் ட்ரம் சுத்துது, வெளியிலை வரேல்லை. ஸ்குறூ ஒண்டும் இல்லை. வாகனம் விக்கிற விலைக்கு இதை விட்டிட்டு வேற எடுக்கவும் ஏலாது. என்ன வழி?

பதில்: நானா, உங்களுக்கு ஜப்பான்காரன் வழி வைச்சிட்டுத்தான் போயிருக்கிறான். ட்ரம் முகத்திலை ஸ்டட் ஓட்டையளை விட வேறையா ரெண்டு சின்ன ஓட்டை இருக்கும், உள்ளை புரி வெட்டியிருக்கும். கறளும் மண்ணும் அடைச்சிருந்தால் ஊசியாலை கிளறுங்கோ. 8 மில்லி போல்ட் ரெண்டு, புரி 1.25, ஹாட்வெயாரிலை சாதாரணமாக் கிடைக்கிறதுதான். வாகனத்திலை இருந்து கழட்டின ஜப்பான் போல்ட் எண்டால் தலைக்கு 12 ஆம் நம்பர் சாவி, கடையிலை வாங்கினது எண்டால் 13. முதல் விரலாலை திருப்பிப் பாருங்கோ, லேசாப் போகாட்டில் புரி வேற, சாவியைப் போட்டு முறுக்க வேண்டாம். கிறீஸ் தடவி, இந்தப் பக்கம் அரைச் சுத்து, அந்தப் பக்கம் அரைச் சுத்து. ஒண்டை மட்டும் முறுக்கினால் ட்ரம் சரிஞ்சு இன்னும் இறுகும், புரியும் போகும். இறுக்கம் ஏறினோட நிப்பாட்டி முகத்திலை தட்டுங்கோ, பிறகு திரும்பவும் அரைச் சுத்து.

ஒரு பக்கம் கொஞ்சம் வந்து நிண்டால் அது விளிம்பு, அப்ப போல்டை முறுக்கக் கூடாது. பின் தட்டிலை ஒரு ரப்பர் மூடி இருக்கு, அதைக் கழட்டி, சின்ன ஸ்குறூ ட்ரைவராலை தானியங்கி அட்ஜஸ்டரின்ர நாக்கைத் தள்ளிப் பிடிச்சுக்கொண்டு, இன்னொண்டாலை பல்லுச் சக்கரத்தைத் திருப்புங்கோ. நாக்கைத் தள்ளாமல் திருப்பினால் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் திரும்பும், அது இறுகிற பக்கம். கை ரெண்டு, ஸ்குறூ ட்ரைவர் ரெண்டு, டோர்ச் பிடிக்க மகனைக் கூப்பிடுங்கோ. அதுவும் ஏலாட்டில் கடைசியா, ஷூவைப் பின் தட்டோட பிடிக்கிற ரெண்டு பின்னின்ர தலை பின்பக்கம் தெரியும், அதை வெட்டி விட்டால் ஷூ ட்ரம்மோட சேந்து வெளியிலை வரும். பின்னும் ஸ்பிறிங்கும் புதுசு வாங்கத்தான் வேணும், ஆனா ட்ரம்மை உடைக்கிறதை விட மலிவு.

2020 இலை வாகன இறக்குமதியை நிப்பாட்டினதுக்குப் பிறகு பழைய டி.எக்ஸ்காரர் எல்லாரும் உங்களை மாதிரித்தான் யோசிக்கினம், 2025 இலை திரும்ப விட்டும் விலை எங்களுக்கு எட்டேல்லை. வைச்சிருங்கோ.

கேள்வி (தம்பலகாமம் வாசகர்): மேல உள்ள மாதிரி மாருதி 800க்கும் போல்ட் போட்டுக் கழட்டலாமா?

பதில்: அதுக்கு அப்பிடி இல்லை. மாருதி 800 பின் ட்ரம்முக்குள்ளையே பேரிங் இருக்கு, ட்ரம்மும் ஹப்பும் ஒண்டுதான். நடு மூடியைத் தட்டி எடுத்து, ஸ்பிளிற் பின்னைக் கழட்டி, நடு நட்டைக் கழட்டினால்தான் வரும். ஸ்லைடிங் ஹாமர் கொழுவி இழுக்கிறதுதான் அதுக்கு முறை. அந்தச் சாமான் இல்லாத மெக்கானிக் பாஸிட்டை குடுக்காதேங்கோ. ஸ்பிளிற் பின் பழசைத் திருப்பிப் போடவே கூடாது, கழட்டின பழசைக் கேட்டு வாங்கிப் பாருங்கோ.

கேள்வி (டைக் வீதி வாசகி): இரவு மழைக்குள்ளை வந்து வாசலிலை காரை விட்டிட்டு ஹேண்ட் பிறேக் இழுத்துப் போட்டுப் படுத்திட்டன். விடிய எடுக்கேக்கை அசையேல்லை, கொஞ்சம் கூடுதலா அக்சிலேற்றர் குடுக்க ‘டொக்’ எண்டு சத்தம் கேட்டுப் போச்சு. பயமாக் கிடக்கு, ட்ரம் கழட்டிப் பாக்க வேணுமா?

பதில்: தங்கச்சி, பயப்பிட ஒண்டும் இல்லை, ஒரு இரவுக் கறள் அது, முதல் நாலைஞ்சு பிறேக்கிலை தானாத் தேய்ஞ்சு போயிடும். உப்பு ஈரத்திலை ஒரு இரவு காணும் லைனிங் பிடிக்க. ஆனா அசையேல்லை எண்டால் அக்சிலேற்றரைக் கூட்டாதேங்கோ, ஹேண்ட் பிறேக்கை ரெண்டு மூண்டு தரம் ஏத்தி இறக்கிப்போட்டு றிவேர்ஸிலை மெல்லமாக் கிளச்சை விட்டுப் பாருங்கோ, பிறகு முதலாம் கியரிலை. சத்தம் நாளும் வந்தால், அல்லது ஓடிப்போட்டு வந்து இறங்கேக்கை ஒரு வீல் மற்றதை விடச் சூடா இருந்தால் கட்டாயம் கழட்டிப் பாக்க வேணும், அப்ப கேபிள் விடேல்லை எண்டு அர்த்தம். இனி மாரி முடியும்வரை வாசல் சமதரை எண்டால் ஹேண்ட் பிறேக் இழுக்காமல் முதலாம் கியரிலை போட்டு, வீலுக்கு முன்னாலையும் பின்னாலையும் ஒவ்வொரு மரக்கட்டை வையுங்கோ. விடிய எடுக்கேக்கை கட்டையை எடுக்க மறக்காதேங்கோ.